அத்தியாயம் 7: மறதி தொடங்கிய பெரியவருக்கு வீட்டில் கணினிப் பயிற்சி

உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். அரை மணி நேரத்துக்கு முன் சொன்ன கதையையே மறுபடி சொல்கிறார். சிலிண்டர் புக் செய்ததை மறந்து இன்னொரு முறை புக் செய்கிறார். பி.டி. ராஜன் சாலையில் பல வருடமாகக் காய்கறி வாங்கி வந்தவர், ஒரு திருப்பத்தில் எந்தப் பக்கம் போவது என்று தயங்கி நிற்கிறார். ஆனால் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது எல்லாம் தானே செய்துகொள்கிறார். இந்த நிலையில் இருப்பவருக்குச் சென்னை கே.கே. நகர் ஃபிளாட் ஒன்றின் ஹாலில், இருக்கிற லேப்டாப்பை வைத்தே பயிற்சி நடத்தும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். வீட்டு வேலைகளையே தனியாகச் செய்ய முடியாத அளவுக்கு நோய் முற்றியவருக்கு வேறு வழி உண்டு. அது அத்தியாயத்தின் கடைசியில்.

எதை எதிர்பார்க்கலாம்

ஆராய்ச்சி பற்றி மூன்றே செய்திகள் போதும்.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரை வைத்து நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வின் முதல் முடிவு 2002இல் வந்தது. ஞாபகப் பயிற்சி எடுத்தவர்கள் ஞாபகத் தேர்வில் தேறினார்கள், வேகப் பயிற்சி எடுத்தவர்கள் வேகத் தேர்வில் தேறினார்கள். ஒன்றில் பழகியது மற்றதற்குத் தாவவில்லை. இத்தனைக்கும் அவர்கள் டிமென்ஷியா என்னும் மறதி நோய் இல்லாதவர்கள். ஆகவே எந்த வேலை எளிதாக வேண்டுமோ, அந்த வேலைக்கு மிக நெருக்கமான பயிற்சியைக் கொடுங்கள்.

2014இல் சிட்னி ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் ஆரோக்கியமான முதியவர்களிடம் நடந்தவை. மேற்பார்வையோடு குழுவாகச் செய்தவர்களுக்குச் சிறு பலன் இருந்தது. வீட்டில் தனியாக விடப்பட்டவர்களிடமும், வாரம் மூன்று தடவைக்கு மேல் செய்தவர்களிடமும் பலன் தெரியவில்லை. டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மூன்றாவது, விளம்பரம் பற்றியது. தன் மூளைப் பயிற்சி ஆட்டங்கள் முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லூமாசிட்டி நிறுவனத்தின் மீது, போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு நிறுவனம் விவகாரத்தை முடித்துக்கொண்டது. வருடச் சந்தா கட்டச் சொல்லும் எந்த ஆப்பையும் இந்த நினைப்போடு பாருங்கள். நம் வேலைக்கு இலவசமாகக் கிடைப்பதே போதும்.

கணினியைத் திறக்கும் முன்: டாக்டர்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மறதி என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு மருந்தால் சரியாகக்கூடியது. அதைக் கவனிக்காமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருப்பது நாளை வீணாக்குவது.

1. வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய சளி, அலர்ஜி மாத்திரைகளும் அதில் இருக்க வேண்டும். தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரைகளும் மறதியைக் கூட்டுபவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.

2. வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், ஹீமோகுளோபின் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர், அதோடு பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் என்றால் பி12ஐக் குறிப்பாகக் கேளுங்கள்.

3. கண்புரை, கண்ணாடியின் பவர், காது மூன்றையும் சோதியுங்கள். சொன்னது காதில் விழாதவர் அதை எப்படி ஞாபகம் வைப்பார்? டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும், ஆனால் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு பட்டியலிட்டது. காது மந்தமும் கவனிக்காத பார்வைக் குறையும் அதில் உண்டு.

4. துணையை இழந்தவரா, பிள்ளைகள் வெளிநாடு போன பின் பேச்சு குறைந்தவரா? மனச்சோர்வும் மறதி வேடத்தில் வரும். இதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது? கே.கே. நகருக்குப் பக்கத்திலேயே, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில், 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. முதியவர்களுக்கென்றே கட்டப்பட்ட 200 படுக்கை அரசு மருத்துவமனை அது. இஎஸ்ஐ அட்டை இருந்தால் கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவமனையிலிருந்தே தொடங்கலாம். மறதி நோய்க்கென்று தனிப் பிரிவு வேண்டுமானால் அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய நிறுவனம் அது.

இடமும் கருவியும்

லேப்டாப் நல்லது, பெரிய டேப்லெட்டும் சரி. செல்போன் வேண்டாம். திரை சிறிது, நடுவில் அழைப்பு வரும், அதோடு பணம் இருக்கும் கருவி அது. இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1. ஜன்னலுக்கு முதுகு காட்டியும் உட்கார வைக்காதீர்கள், ஜன்னலைப் பார்த்தும் வேண்டாம். முதலாவதில் திரை கண்ணாடியாகிவிடும், இரண்டாவதில் கண் கூசும். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும்.

2. கை வைத்த, சக்கரம் இல்லாத நாற்காலி. சுழல் நாற்காலியில் எழுந்திருக்கும்போது விழுந்தால் இடுப்பு எலும்புதான் போகும். சார்ஜர் ஒயர் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது.

3. லேப்டாப்பின் டச்பேட் வேண்டாம், ஒயர் உள்ள பெரிய மவுஸ் வாங்குங்கள். செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டிக்குள் போய் எழுத்தையும் அம்புக்குறியையும் பெரிதாக்குங்கள். மவுஸ் அமைப்பில் டபுள் கிளிக் வேகத்தை முழுக்கக் குறையுங்கள். பல பெரியவர்கள் “எனக்கு இது வராது” என்று முதல் நாளே எழுந்து போவது இந்த டபுள் கிளிக்கால்தான்.

4. டேப்லெட்டில் விரல் படவில்லை என்றால் விரல் காய்ந்திருக்கலாம். வயதானவர்களுக்கு இது சகஜம். ஈரத் துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள், அல்லது ஸ்டைலஸ் பேனா கொடுங்கள்.

5. அவருக்கென்று தனி யூசர் கணக்கு. திரையில் மூன்றே மூன்று ஐகான், பின்னணி ஒரே நிறம். பேரப்பிள்ளை படத்தை வால்பேப்பராக வைத்தால் ஐகான் எது, முகம் எது என்று குழம்பும்.

6. தமிழில் எழுத ஜிபோர்டு கீபோர்டில் கையெழுத்து வசதி உண்டு. டேப்லெட்டில் விரலால் எழுதினால் எழுத்தாகும்.

குறிப்பு: அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துத் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவரா? அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறை இருக்கிறது. கை பழகிய வேலை, பெயரும் தேதியும் மறந்த பிறகும் நெடுநாள் தங்கும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாதவர் முழு வாக்கியத்தைப் பிழையில்லாமல் தட்டுவதைப் பார்ப்பீர்கள். அவருக்கு வேறு விளையாட்டே தேவையில்லை. தினசரி கணக்கு, உறவினருக்குக் கடிதம், சமையல் குறிப்பு என்று தட்டச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம்: பயிற்சியே இல்லை

கருவி பழகினால் போதும். விண்டோஸில் கிடைக்கும் சாலிட்டேர் சீட்டாட்டம் இதற்குச் சரியான வாத்தியார். சீட்டை மவுஸால் இழுத்து இன்னொன்றின் மேல் விடப் பழகினால், பின்னால் வரும் எல்லாமே சுலபம். சீட்டாட்டம் பிடிக்காத வீடாக இருந்தால், ஜிகாம்ப்ரி என்ற இலவசத் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் மவுஸ் பழக்கத்துக்கே தனி ஆட்டங்கள் உண்டு. ஆனால் அது சிறுவர்களுக்கான தொகுப்பு. அதைப் பார்த்து, “என்னைக் குழந்தையாக்குகிறாயா” என்று கோபம் வரலாம். வந்தால் உடனே மூடிவிடுங்கள். சமாதானம் சொல்லி ஆட வைப்பது பலிக்காது.

ஒரு நாள் வகுப்பு: அரை மணி நேரம்

திங்கள், புதன், வெள்ளி. டிபனும் காபியும் முடிந்து பத்து மணி வாக்கில் நல்லது. வேலைக்குப் போகிறவர்கள் சனி, ஞாயிறோடு வாரநாளில் ஒரு காலை எடுத்துக்கொள்ளலாம். மாலை வேண்டாம். மறதிக்காரர்கள் பலருக்குச் சாயங்காலம் குழப்பமும் படபடப்பும் கூடும், போதாததற்கு சீரியல் நேரம்.

1. முதல் ஐந்து நிமிடம் காலண்டர். “இன்னிக்கு என்ன கிழமை, சொல்லு பார்க்கலாம்” என்று கேட்காதீர்கள். தினசரி காலண்டர் தாளை அவரையே கிழிக்கச் சொல்லி, கிழமையை வாய்விட்டுப் படிக்க வையுங்கள். பிறகு செய்தித்தாளின் இணையப் பக்கத்தில் ஒரு தலைப்பை உரக்கப் படிக்கட்டும்.

2. அடுத்த பத்து நிமிடம் கவன ஆட்டம். ஒரே மாதிரிப் படங்களை ஜோடி சேர்ப்பது, இரண்டு படங்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடிப்பது போன்றவை. ஆங்கிலம் தெரிந்தவரானால் பிரெயின்எச்க்யூ என்ற பயிற்சித் தளத்தில் டபுள் டெசிஷன் என்ற ஆட்டத்தைப் பார்க்கலாம். நடுவில் ஒரு வண்டியும் ஓரத்தில் ஒரு சாலைக் குறியும் மின்னி மறையும், இரண்டையும் பிடிக்க வேண்டும். ஆக்டிவ் ஆய்வில் கொடுத்த வேகப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது இது. வலிப்பு வரலாறு உள்ளவருக்கு மின்னும் ஆட்டம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

3. ஐந்து நிமிட இடைவேளை. எழுந்து நின்று, தண்ணீர் குடித்து, பால்கனி வரை நடந்து வரட்டும்.

4. கடைசிப் பத்து நிமிடம் சொந்தப் பாடம். இதுதான் முக்கியம், கீழே விரிவாகச் சொல்கிறேன்.

5. முடிக்கும்போது கட்டாயம் ஜெயித்து முடிக்க வேண்டும். நிச்சயம் தெரிந்த ஒன்றைக் கொடுத்து நிறுத்துங்கள்.

குறிப்பு: ஐந்துக்கு நான்கு சரியாக வரும் அளவுக்குக் கடினத்தை வையுங்கள். ஐந்தும் சரியானால் ஒரு படி ஏற்றலாம். மூன்றுக்குக் கீழே போனால் ஒன்றுமே சொல்லாமல் ஒரு படி இறக்குங்கள்.

சொந்தப் பாடம் தயாரிக்கும் முறை

கடையில் கிடைக்கும் எந்த ஆட்டத்திலும் உங்கள் அம்மாவின் மாத்திரை டப்பா இருக்காது, உங்கள் தெரு இருக்காது. படத்தொகுப்பு செய்யும் எந்த மென்பொருளும் போதும்: கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி.

வழிப் பாடம்

1. பெரியவரோடு நடந்தபடி, வீட்டு கேட்டிலிருந்து அவர் வழக்கமாகப் போகும் இடம் வரை படம் எடுங்கள். சிவன் பார்க் என்றே வைத்துக்கொள்வோம். திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம், மனிதர் நிற்கும் உயரத்தில்.

2. எது அடையாளம் என்று அவரையே கேளுங்கள். உங்களுக்கு ஏடிஎம் கண்ணில் படும், அவருக்குப் பிள்ளையார் கோயில். அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும்.

3. சாலைப் பெயர்களைச் சேருங்கள். பி.டி. ராஜன் சாலை, லட்சுமணசாமி சாலை, ராமசாமி சாலை, ஆர்.கே. சண்முகம் சாலை என்று நீதிக்கட்சிக்காரர்களின் பெயர்கள்தான் இங்கே அதிகம். அந்தத் தலைமுறைக்கு அரசியல் பேசப் பிடிக்கும், பேச்சோடு பெயரும் பதியும்.

4. முதல் வாரம் வெறுமனே ஓட்டிக் காட்டுங்கள். அடுத்த வாரம், திருப்பம் வந்ததும் இரண்டு படம் காட்டி, “அடுத்தது இதுவா, இதுவா” என்று கேளுங்கள். பிறகு படங்களைக் கலைத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம்.

5. அன்றே, அதே வழியில் கூடவே நடந்து போங்கள். திரையில் வந்தது தெருவில் வருகிறதா என்பதுதான் கணக்கு.

மூடிப்போன உதயம் தியேட்டரை இன்னும் அடையாளமாகச் சொன்னால் திருத்த வேண்டாம். அவர் மனத்தில் இருக்கும் வரைபடத்தின் நங்கூரம் அது. “உதயம் இருந்த இடம்” என்றே எழுதி, இன்றைய படத்தை ஒட்டுங்கள். ஆற்காடு சாலைப் பக்கம் மெட்ரோ வேலையால் தோற்றம் மாறிய இடங்களுக்குப் படத்தைப் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று: திரையில் வழி சரியாகச் சொல்கிறார் என்பதற்காகத் தனியாக அனுப்பிவிடாதீர்கள். சட்டைப் பையில் வீட்டு முகவரியும் உங்கள் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்க வேண்டும்.

இடைவெளி விட்டுக் கேட்கும் பாடம்

ஒரே ஒரு செய்தியைப் பதிய வைக்க இது கைகண்ட முறை. அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் டிமென்ஷியா உள்ளவர்களிடம் பயன்படுத்திப் பரப்பியது.

1. ஒரு கேள்வி, ஒரு பதில் மட்டும் தேர்ந்தெடுங்கள். “மாத்திரை டப்பா எங்கே?” “ஃபிரிட்ஜ் மேலே.” படத்தோடு காட்டுங்கள்.

2. உடனே கேளுங்கள். சொன்னதும் 15 விநாடி கழித்து, பிறகு 30 விநாடி, 1 நிமிடம், 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள். நடுவில் வேறு படமோ பேச்சோ ஓடலாம்.

3. தடுமாறினால் காத்திருக்க வேண்டாம். பதிலை உடனே நீங்களே சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள்.

4. பதில் சொன்ன கையோடு எழுந்து போய் டப்பாவைத் தொட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது படியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். பள்ளிக்கூட வழக்கத்தில், “யோசிச்சுப் பாருங்க, தெரியும் உங்களுக்கு” என்று தூண்டுகிறோம். மறதி உள்ளவர் ஊகித்து ஒரு தப்பான பதிலைச் சொன்னால், அந்தத் தப்புதான் பதியும். திருத்தியது பதியாது. ஊகிக்கவே விடாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஸ்கோரை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவது முதல் தவறு. இன்று எண்பது, நாளை ஐம்பது என்றால் அவமானம் அவருக்கு. பேரனோடு போட்டி வைப்பதும் அப்படித்தான்.

மவுஸ் மேல் கை வைத்துப் பிடுங்கி நீங்களே செய்து காட்டுவது அடுத்தது. உங்கள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். “இதோ, இந்தப் பச்சைக் கட்டம்மா” என்று வாயால் காட்டுங்கள்.

வாரம் ஒரு புது ஆப் மாற்றுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு அலுக்கும், அவருக்கு அலுக்காது. ஒரே ஆட்டத்தை ஆறு வாரமாவது விடாமல் ஓட்டுங்கள். கண்ணாடி, காது மிஷின் போடாமல் உட்கார வைப்பதும் பல வீட்டில் நடக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் அன்றைய வகுப்பு முழுதும் போச்சு.

இதை மட்டும் நம்பி நடையை நிறுத்தாதீர்கள். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள, மறதி அபாயம் இருந்த 1,260 பேரை வைத்து இரண்டு வருடம் நடத்திய ஃபிங்கர் ஆய்வு 2015இல் வெளியானது. அதில் கிடைத்த நல்ல பலன் கணினிப் பயிற்சி தனியாகச் செய்த வேலையல்ல. சாப்பாடு, உடற்பயிற்சி, ரத்த அழுத்தம் உள்ளிட்டவற்றின் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்த திட்டம் அது.

பாதுகாப்பு: பணமும் உடம்பும்

பயிற்சிக் கருவியில் வங்கி ஆப், யுபிஐ, சேமித்த கார்டு நம்பர் எதுவும் இருக்கக் கூடாது. இலவச ஆட்டங்களில் நடுவே வரும் விளம்பரத்தைப் பெரியவர் ஆட்டம் என்றே நினைத்துத் தொடுவார். முடிந்தால் இறக்கிய பிறகு இணையத்தை அணைத்துவிட்டு ஆட விடுங்கள். “உங்க கம்ப்யூட்டரில் வைரஸ்” என்று திரையில் நம்பர் வந்தால் கூப்பிடக் கூடாது, யார் சொன்னாலும் திரையைப் பகிரும் ஆப் இறக்கக் கூடாது என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சட்டத்தில் ஒன்று கிடையாது என்பதையும் அதிலேயே எழுதலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள்.

தலைவலி, கண்ணீர், கால் ஆட்டுதல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், எரிச்சல்: எது வந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று ஆளே அடையாளம் தெரியாமல் பேசினால் அது மறதி கூடியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம் போன்றவையாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வாய் கோணினாலோ, பேச்சு குளறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ 108.

பலனை அளப்பது

ஒரு நோட்டுப் போடுங்கள். தொடங்கும் முன், பெரியவரோடு பேசி மூன்று வேலைகளை எழுதுங்கள்: மாத்திரையைத் தானே எடுப்பது, பார்க் போய்த் திரும்பும் வழியைச் சொல்வது, பால்காரருக்குக் கணக்குப் பார்ப்பது, இப்படி. ஒவ்வொரு ஞாயிறும் அந்த மூன்றின் எதிரே தானே செய்தார், நினைவூட்டினேன், நான் செய்தேன் என்று மூன்றில் ஒன்றை டிக் செய்யுங்கள். ஆட்டத்தின் ஸ்கோரை இந்த நோட்டில் எழுதவே வேண்டாம்.

பன்னிரண்டு வாரத்தில் ஒரு வேலையாவது ஒரு கட்டம் முன்னால் வந்திருந்தால் தொடருங்கள். அப்படியே இருந்தாலும், அவர் விரும்பி வந்து உட்கார்ந்தால் தொடரலாம். மூன்றும் பின்னால் போயிருந்தால் நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மனப்பாடமாகச் சொல்லும் விவரத்தைவிட அந்த நோட்டு டாக்டருக்கு உதவும்.

நோய் முற்றியவருக்கு

டிமென்ஷியா உறுதியானவர்களுக்குக் கணினிப் பயிற்சியால் பெரிய பலன் என்று சொல்ல ஆதாரம் குறைவு. அவர்களுக்குக் குழுவாக உட்கார்ந்து பேசி, பாடி, பொருட்களைத் தொட்டு, பழைய விஷயங்களை விவாதிக்கும் சிகிச்சை உண்டு. இங்கிலாந்தில் உருவானது, ஏழு வாரத்தில் 14 அமர்வு. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தார் அதைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறார்கள். லேப்டாப்பை அவர் தள்ளிவிட ஆரம்பித்தால் வற்புறுத்தாமல் இதைப் பற்றி விசாரியுங்கள். உங்களால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, கட்டணமில்லாமல் பேசலாம்.